உங்களுக்குத் தெரியுமா? எல்லை தாண்டினால் வரி மிச்சம்!

பெல்ஃபாஸ்டிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நெவார்க்குக்கு 2005-இல் நேரடி விமானம் தொடங்கியது. பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. அதனால் 2011-இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புறப்படும் சாதாரண வகுப்புப் பயணிக்குத் தலைக்கு 60 பவுண்டு விமானப் பயணி வரி. காரில் சுமார் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் டப்ளின். அது அயர்லாந்து என்ற வேறு நாட்டில் இருக்கிறது. அங்கே வெறும் 3 யூரோதான்! நான்கு பேர் குடும்பத்துக்கு இங்கே 240 பவுண்டு, அங்கே 12 யூரோ. யார்தான் காரை எடுக்கமாட்டார்கள்? அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை டப்ளினிலேயே முடித்துக்கொள்ளும் வசதி வேறு.

பயணிகளை இழக்க மனமில்லாத விமான நிறுவனம் வரியைத் தன் கையிலிருந்தே கட்டிப் பார்த்தது. எத்தனை நாளைக்கு? விமானம் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் 2011 நவம்பரில் பிரிட்டன் அரசு வரியை 12 பவுண்டாக இறக்கியது. 2013-இல் வட அயர்லாந்திலிருந்து புறப்படும் நேரடி நெடுந்தூர விமானங்களுக்கு அது பூஜ்யமானது. அயர்லாந்தும் சும்மா இருக்கவில்லை. 2014 ஏப்ரலில் அந்த 3 யூரோவையும் ரத்து செய்தது.

வரிதான் எல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். வரியே இல்லாதபோதும் நெவார்க் விமானம் 2017 ஜனவரியில் நின்றுபோனது.