பயிர் இன்ஷியூரன்ஸும் சர்க்கார் இணையதளங்களும்

சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடைபெறும் நாட்களில், பயிர் இன்ஷியூரன்ஸுக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்ற பேச்சு செஞ்சித் தாலூகா கிராமங்களில் எழுவது வழக்கம். கட்டுவோரிற் பலர் தாம் வாங்குவது இன்னதென்று அறியாமலே கட்டுகின்றனர். மறுப்போரிற் பலரும் அவ்வாறே அறியாமல் மறுக்கின்றனர். இவ்விரு திறத்தாருக்கும் வேண்டிய விவரங்களைச் சர்க்காரே இணையதளங்களில் வெளியிட்டிருக்கின்றது. அவற்றில் முக்கியமாய்ப் பார்க்கவேண்டியது எது என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

2016-ம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரிப் பருவத்து உணவுத் தானியங்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் காப்புத் தொகையில் 100-க்கு 2 வீதமும், ரபிப் பருவத்திற்கு 1½ வீதமும், வாணிபப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 வீதமும் விவசாயி செலுத்தவேண்டும். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் ஏற்கின்றன. கம்பெனியைத் தெரிந்தெடுக்கும் உரிமை இதில் விவசாயிக்கு இல்லை. ஜில்லாவுக்கு இன்ன கம்பெனி என்று சர்க்காரே நியமிக்கின்றது. சேர்வதா, சேராதிருப்பதா என்பதே அவர் தீர்மானிக்கவேண்டியது. கடன் பெற்றவர்களுக்கும் 2020 காரிப் முதல் கட்டாயம் இல்லை. ஆனால் சேர விருப்பமில்லாத கடன்காரர், கடைசித் தேதிக்கு 7 நாட்களுக்கு முன்பே அதைத் தமது பாங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தெரிவியாவிடில் பிரீமியம் அவர் கணக்கில் பிடிக்கப்படும்.

இத்திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பிரீமியம் கணக்கிடும் பகுதி ஒன்று உள்ளது. பருவம், ஜில்லா, பயிர், நிலப் பரப்பு ஆகியவற்றைக் குறித்தால், காப்புத் தொகையும், கட்டவேண்டிய பிரீமியமும், கம்பெனியின் பெயரும் தெரியவரும். மாநில சர்க்கார் 2018-ல் வெளியிட்ட உழவன் செயலியிலும் பயிர்க் காப்பீட்டு விவரங்கள் கிடைக்கும். பொது சேவை மையத்திற்குச் செல்லுமுன் இக்கணக்கைப் பார்த்துக்கொள்வது நலம். பிரீமியத்திற்கு மேல் பதிவுக் கூலி கேட்க அம்மையத்திற்கு உரிமை கிடையாது.

இனி, பெரும்பாலோர் மனக்கசப்புக்குக் காரணமான விஷயத்திற்கு வருவோம். இந்த இன்ஷியூரன்ஸ் முக்கியமாய் ஒரு பிரதேசத்தின் மகசூலுக்கு உரியது. தனி ஒருவர் வயலுக்கு உரியதன்று. இந்த ஏற்பாடு இன்று நேற்று தோன்றியதுமன்று. மைசூர் சமஸ்தானத்தில் ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பார், ஒரு பிரதேசத்தின் மழையளவைக் கொண்டே நஷ்ட ஈடு அளிக்கலாம் என்று 1920-லேயே ஒரு நூல் வெளியிட்டார். இன்றைய திட்டத்தில் மழைக்குப் பதிலாக அறுவடைப் பரிசோதனை அளவுகோலாய் நிற்கின்றது. நம் மாநிலத்தில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமும், ஏனைய பல பயிர்களுக்குப் பிர்காவும் அலகாகக் கொள்ளப்படுகின்றன. முந்திய 7 வருஷங்களில் சிறந்த 5 வருஷங்களின் சராசரியைக் கொண்டு உத்தரவாத மகசூல் நிர்ணயிக்கப்படும். அவ்வருஷத்து அலகு மகசூல் அதற்குக் குறைந்தாலன்றி ஈடு இல்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். தொண்டூரில் ஏரி மதகடியில் ஒருவருக்கும், சற்று மேட்டில் மற்றொருவருக்கும் சம்பா நெல் இருப்பதாகக் கொள்வோம். ஏக்கராவுக்குக் காப்புத் தொகை ரூ. 30,000 என்றால் பிரீமியம் ரூ. 450. உத்தரவாத மகசூல் 1,000 கிலோ என்றும், கிராமத்தின் மகசூல் 700 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், குறைவு 100-க்கு 30. ஆகவே இருவருக்கும் ஏக்கராவுக்கு ரூ. 9,000 கிடைக்கும். மேட்டு நிலத்தார் நன்றாய் விளைவித்திருந்தாலும் கிடைக்கும். ஆனால் கிராமத்தின் மகசூல் 1,000 கிலோவுக்குக் குறையாவிடில், மதகடிக்காரர் முழுவதும் இழந்திருந்தாலும் இக்கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை. இதை அறியாதவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார்.

2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்தது. அத்தகைய பெருவெள்ளம் கிராமம் முழுவதையும் தாக்குவதால் மகசூல் கணக்கிலேயே வெளிப்படும். ஒரு சிலர் வயல் மட்டும் மூழ்கும்போதுதான் சங்கடம். நெல் வயலில் நீர் தேங்கும் நஷ்டம் 2018-ல் தனி வயல் ஈட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதை 2026 காரிப் முதல் மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு மிருகங்களால் நேரும் சேதத்தையும் கூடுதற் காப்பாக ஏற்பதாகவும் மத்திய வேளாண்மை அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. மலையடிவாரத்தில் நிலக்கடலையைப் பன்றிக்குப் பறிகொடுப்போர் இதைக் கவனிப்பாராக. தமது பயிருக்கும் பருவத்திற்கும் இவை பொருந்துமா என்பதைக் கட்டுமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்துடனோ, 14447 என்ற எண்ணிலோ தெரிவித்தல் அவசியம். நீர் வடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. சிட்டா, ஆதார், பாங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு, அடங்கல் அல்லது விதைப்புச் சான்றும் விண்ணப்பத்திற்குத் தேவை. சர்வே எண்ணிலோ உட்பிரிவிலோ பரப்பிலோ ஓர் இலக்கம் பிழைபட்டால், பணம் கட்டியும் விண்ணப்பம் தள்ளப்படலாம். கடைசி வாரத்தில் நூறு பேர் ஒருங்கே வந்து நெருக்கும்போது பிழை நேர்வது இயல்பு. ஆகையால் நடவு முடிந்த கையோடு பயிர் விவரங்களைப் பதிந்து வைத்தால் இரு தரப்பாருக்கும் தொல்லை குறையும். விவசாயியும் ரசீதிலுள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டு தமது பதிவின் நிலையை இணையதளத்தில் பார்த்து, பிழையிருப்பின் திருத்தக் கோரலாம்.

மாடு, மோட்டார், ஆயுள் முதலிய ஏனைய இன்ஷியூரன்ஸ்களில் கம்பெனியைத் தெரிந்தெடுக்கும் உரிமை வாங்குவோருக்கு உண்டு. இவற்றைப்பற்றி இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களுக்கென ஒரு தனித் தளம் நடத்துகின்றது. கம்பெனி முறையீட்டைத் தீர்க்காவிடில், அவ்வாணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் பதியலாம். அதன்பின் சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் தனிநபர் எவரும் கட்டணமின்றி மனுச் செய்துகொள்ளலாம்.