பொரிப்பக மீன்குஞ்சுகளின் கூடிவாழும் இயல்பும் வளர்ப்புச் சூழலும்

கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே காயல் நீர் கடலை நோக்கிச் செல்கின்றது. கடலுக்கும் காயலுக்கும் இடையே வலசை போகும் கொடுவாயும், காயலிலேயே இனம் பெருக்கும் கரிமீனும் இத்தகைய நீரில் வாழ்வன. இவ்விரண்டும் இன்று பொரிப்பகங்களிலும் உற்பத்தி செய்யப்படுகின்றன. தொட்டியில் கழியும் முதற்சில வாரங்கள், குஞ்சுகள் ஒன்றோடொன்று பழகும் முறையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

கொடுவாய் மீனைச் சிறையிருப்பில் இனப்பெருக்கம் செய்விப்பதில் நம் நாட்டில் முதல் வெற்றி 1997-ஆம் ஆண்டு, சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் கிட்டியது. இதன் குஞ்சுகள் ஒரே நாளில் பொரித்தாலும் ஒரே அளவில் வளர்வதில்லை. பெரியது, தன் நீளத்தில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சையும் விழுங்க வல்லது. இயற்கை நீர்நிலையில் சிறியது ஒதுங்கித் தப்பலாம். வெறுந்தொட்டியிலோ ஒதுங்க இடமில்லை. ஒருமுறை விழுங்கியது மேலும் விரைந்து வளர்வதால் ஏற்றத்தாழ்வு பெருகுகின்றது. தீனிக் குறைவும் நெரிசலும் இதைத் தூண்டுவன. ஆகவேதான் சில நாட்களுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரித்து விடுதல் இன்றியமையாததாகின்றது. தீனியை ஒரே மூலையில் கொட்டினால் வலியவை அவ்விடத்தைக் கைப்பற்றிக்கொள்ளும். பரவலாகத் தூவினால் மெலிந்தவற்றுக்கும் பங்கு கிடைக்கும்.

கரிமீனின் நிலை வேறு. தாயும் தந்தையும் முட்டைகளுக்குக் காவலிருந்து, பொரித்த குஞ்சுக் கூட்டத்தையும் உடன் நீந்திப் பாதுகாக்கின்றன. முட்டைகளைப் பிரித்தெடுத்துப் பொரிக்கும்போது குஞ்சுகள் இக்காவலின்றியே வளர்கின்றன.

நார்வே நாட்டில் காட் மீன்குஞ்சுகளைக் கொண்டு நடத்தி 2010-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி கருதத்தக்கது. மறைவிடங்கள் அமைத்த தொட்டியில் வளர்ந்த குஞ்சுகள், வெறுந்தொட்டியில் வளர்ந்தவற்றைவிடத் தம் இனத்தைப் பார்த்துக் கற்பதில் தேர்ந்து விளங்கின. உணவுக்கென வளர்க்கும் மீனுக்கு இத்திறன் அத்தனை முக்கியமன்று. ஆனால், குறைந்துவரும் இனத்தைப் பெருக்கவெனக் காயலில் விடப்படும் குஞ்சுக்கு அது உயிர்ப் பிரச்சினையாகும்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே காட்டலாம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடித் தொட்டிகளில் சம எண்ணிக்கையில் ஒரே இனக் குஞ்சுகளை விட்டு, ஒன்றில் மட்டும் கற்களும் நீர்ச்செடிகளும் இடுக. தீனியிட்டபின் பத்து நிமிடங்களில் ஒன்றையொன்று விரட்டும் தடவைகளை எண்ணிக் குறித்து வருக. இரு வாரக் குறிப்புகளை ஒப்பிட்டால், சூழல் எவ்வளவு வேறுபாட்டைச் செய்கின்றது என்பதை மாணவர் தாமே அறிவர்.