உங்களுக்குத் தெரியுமா? தள்ளுவண்டி மேடையில் தொடங்கிய இதய நிதி

‘ஆஷிகி 2’ படத்துக்குப் பாடிய இந்திப் பாடகி பலக் முச்சல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர்க்காரர். 1999 கார்கில் போரின்போது, ஏழு வயதில், கடை கடையாக ஏறி இறங்கிப் பாடி ராணுவ வீரர்களின் குடும்பங்களுக்கு நிதி திரட்டிய சுட்டி.

மறு ஆண்டு, இதயக் கோளாறு உள்ள ஏழை மாணவன் ஒருவனுக்கு உதவி கேட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பலக்கின் வீடு தேடி வந்தார்கள். பலக் பாடினாள்; தள்ளுவண்டிதான் மேடை. சுமார் 50,000 ரூபாய் சேர்ந்தது. இந்தச் செய்தி பரவ, பெங்களூரு டாக்டர் தேவி ஷெட்டி அந்தப் பையனுக்கு இலவசமாகவே ஆபரேஷன் செய்துவிட்டார்.

கையில் நின்ற பணத்தை என்ன செய்வது? ‘வேறு குழந்தைகள் யாராவது உண்டா?’ என்று பலக்கின் பெற்றோர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆபரேஷன் தேவை என்று தெரியவந்தது! நல்ல மனசுக்கு வந்த சோதனை. அப்புறம் எங்கே நிறுத்துவது?

பலக் பாடித் திரட்டிய நிதியில் நடந்த ஆபரேஷன்களின் எண்ணிக்கை 2024 ஜூனில் 3,000-ஐத் தொட்டது. கச்சேரிகளில் கிடைக்கும் வருமானம் இதற்கே போகிறது என்கிறார் பலக். சிறுமியாக இருந்தபோது அவர் கேட்டு வாங்கிய சம்பளம், பிழைத்த குழந்தை ஒன்றுக்கு ஒரு பொம்மை.