தார் பாலைவனத்தில் கனரக வாகனங்களால் ஏற்படும் மண் அரிப்பு

சாலை இல்லாத நிலத்தின் மீது டிராக்டர், லாரி, ஜீப், டாங்கி போன்ற வாகனங்கள் ஓடும்போது பாலை நிலத்தின் மேல்மண் குலைகிறது. குலைந்த மண்ணைக் காற்றும் மழைநீரும் எளிதில் கொண்டுபோகின்றன. இந்தியாவில் இதைத் தெளிவாகக் காணக்கூடிய இடம் மேற்கு இராஜஸ்தானில் பரந்துள்ள தார் பாலைவனம். உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது இங்குதான். ஆகவே இங்கு மண் போனால் கம்பு விளையும் வயலும் ஆடுமாடு மேயும் புல்வெளியும் சேர்ந்தே போகின்றன.

பாலை மண்ணின் மேல்தோல்

பாலைவனம் என்றதும் ஓயாமல் நகரும் மணல்மேடுகளே நினைவுக்கு வரும். ஆனால் தாரின் மணல்மேடுகள் பல மிகப் பழையவை; புல்லும் புதரும் பிடித்து அசையாமல் நிற்பவை. மேடுகளுக்கு இடைப்பட்ட சமவெளியில் மண்ணின் மேற்பரப்பு மெல்லிய ஓடு போல இறுகியிருக்கும். மழைத்துளி பட்டு உலர்வதாலும், சயனோபாக்டீரியா, பாசி, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் மணல் துகள்களை இழைகளால் பிணைப்பதாலும் இந்த ஓடு உண்டாகிறது. சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள இதுதான் அடியிலுள்ள மண்ணைக் காற்றிலிருந்து காக்கிறது. ஒரு முறை சக்கரம் ஏறினாலே உடைந்துவிடும். நுண்ணுயிர் ஓடு முழுமையாகத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

சக்கரம் மண்ணுக்கு இரண்டு எதிரெதிரான கேடுகளைச் செய்கிறது. மேலே மண்ணைத் தளர்த்துகிறது. கீழே அதை இறுக்குகிறது. தளர்ந்த உலர் மணலை நகர்த்த மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகக் காற்றே போதும். வேகம் இரு மடங்கானால் காற்று சுமக்கும் மணல் சுமார் எட்டு மடங்காகும். பருமனான மணல் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளிச் செல்லும். நுண்ணிய வண்டல் துகள்களோ புழுதியாக மேலெழுந்து டெல்லி வரைகூடப் போகும். பயிருக்கான சத்து பெரும்பாலும் இந்த நுண்துகள்களில்தான் இருக்கிறது. கீழே இறுகிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் இறங்காது. அரிதாகப் பெய்யும் மழை சக்கரத் தடத்தையே வாய்க்காலாக்கி ஓடி, நாளடைவில் அதைப் பள்ளமாக அரித்துவிடும்.

எடை குறித்து ஒரு தவறான எண்ணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஷெர்மன் டாங்கி 30 டன் எடையுள்ளது. ஆனாலும் அகன்ற சங்கிலித் தடத்தில் எடை பரவுவதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அது தரும் அழுத்தம் சாதாரணக் காரின் டயர் தருவதைவிடக் குறைவு. கேடு வேறு வழியில் வருகிறது: மொத்த எடை மண்ணை மிக ஆழம் வரை இறுக்குகிறது, வண்டி திரும்பும்போது சங்கிலி மேல்மண்ணை உரித்தெடுக்கிறது. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1942 முதல் 1944 வரை நடந்த இராணுவப் பயிற்சியின் டாங்கித் தடங்கள் பல இடங்களில் இன்றும் தெரிகின்றன.

ஜீப்பும் டிராக்டரும்

ஜெய்சல்மேர் அருகிலுள்ள சம் மணல்மேடுகளில் சுற்றுலா ஜீப்புகள் ஓடுகின்றன. மாலையில் விழுந்த தடத்தை மறுநாள் காணமுடியாது, காற்று அழித்துவிடும். அதனால் ஒரு கேடும் இல்லை என்று தோன்றும். வெறும் மணலில் அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் மேட்டை அடைவதற்கு முன் வண்டி கடக்கும் புல்வெளியிலும் சரளைச் சமவெளியிலும் தடம் அழிவதில்லை. ஒரு தடம் மணலாகிப் புதைந்ததும் ஓட்டுநர் பக்கத்தில் புதிய தடம் போடுவார். இப்படி ஒரு பாதை பலவாக விரியும்.

எனினும் ஜீப் ஓடுவது சில இடங்களில்தான். டிராக்டரோ ஏறக்குறைய எல்லா வயல்களிலும் ஓடுகிறது. தாரின் மண்ணுக்குப் பெரிய சுமை அதுவே எனலாம். முன்பு ஒட்டகம் இழுத்த மரக்கலப்பை ஆழமாக இறங்காது. போக் புதர், புதர் இலந்தை ஆகியவற்றின் வேர்க்கட்டைகள் தப்பி, அறுவடைக்குப் பின் மீண்டும் துளிர்த்து வெயில்காலக் காற்றில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். டிராக்டர் இழுக்கும் சட்டிக் கலப்பை அவற்றை வேரோடு புரட்டிவிடுகிறது. சேவண் புல்லும், வன்னி மரத்தின் இளங்கன்றுகளும் அப்படியே போகின்றன. (விருத்தாசலம் கோயிலின் தலமரமும் இந்த வன்னியே, இராஜஸ்தானில் இதன் பெயர் கேஜ்ரி.) காலமும் பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் கோடை உழவு நல்லது எனப் பரிந்துரைக்கப்படுகிறது. தாரில் காற்று மிகக் கடுமையாக வீசும் மே, ஜூன் மாதங்களில் உழுதுபோட்ட நிலம் அந்தக் காற்றுக்கே இரையாகிறது.

தடுப்பு முறைகள்

ஜோத்பூரில் 1952இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959இல் இன்றைய வடிவம் பெற்ற மத்திய வறள் மண்டல ஆராய்ச்சி நிறுவனம் மணலை நிலைநிறுத்தும் முறைகளை வகுத்தது. காய்ந்த புதர்க்கிளைகளை மணல்மேட்டில் வரிசையாகவோ கட்டம் கட்டமாகவோ ஊன்றி, இடையில் மரக்கன்றும் புல்லும் வளர்ப்பது இதில் முக்கியமானது. சாலை, இரயில் பாதை, வாய்க்கால் ஓரங்களில் காற்றுக்குக் குறுக்கே மரவரிசை நடப்படுகிறது. வயலைப் பொறுத்தவரை, முதல் மழைக்குப் பின் மட்டும் ஆழமில்லாமல் உழுவதும், கம்பு அறுத்த தட்டையை நிலத்திலேயே விடுவதும் செலவில்லாத வழிகள். ஆனால் அந்தத் தட்டைதான் மாட்டுக்குத் தீவனம் என்பதால், உழவர் அதை விட்டுவைப்பது எளிதல்ல.