முடி போச்சே என்று போனேன்... உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். இதில் கோயில் பாக்கி 1981-ல் தீர்ந்துவிட்டது. ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். காலியான அந்த நாலாவது இடத்தை நிரப்ப ஆம்பூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தேன்... முடியில்லாத தலையோடு!

சிரியுங்க ஸார், பரவாயில்லை. என் வீட்டுக்காரியே சிரித்தாள். ஆனால், அந்தத் தலைமுடிக்குப் பின்னால் என் உயிரே ஊசலாடிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக டேனரியில் வேலை. எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு. டிரம்முக்குள் போய்ச் சுற்றிவிட்டு வெளியே வரும் தோல், ஆகாய நீலத்தில் இருக்கும். 'வெட் புளூ' என்போம். மாட்டுத் தோலையே மாற்றிவிடுகிற அந்த உப்பு, மனுஷத் தோலை மட்டும் சும்மா விடுமா? சிலருக்கு அலர்ஜியைக் கிளப்பிவிடும். சிமென்ட் கலக்கும் கொத்தனார்களுக்கு வருகிறதே, அதே அரிப்புதான். கம்பெனியில் கையுறை கொடுத்திருந்தார்கள். 'வியர்க்குது' என்று கழற்றி வைத்த புத்திசாலி நான்!

விரல் இடுக்கில் ஆரம்பித்த அரிப்பு முழங்கை வரை ஏறியது. ராத்திரித் தூக்கம் போச்சு. தெரிந்தவர் ஒருவர் ஒரு மருந்துக் கடையைக் கை காட்டினார். கடைக்காரர் கையைத் தூரத்திலிருந்தே பார்த்தார். காகிதத்தில் மூன்று மாத்திரைகளை மடித்துக் கொடுத்தார். ஒன்று பொடிசாக, வெள்ளையாக இருக்கும். 'தினம் மூணு வேளை' என்றார்.

இரண்டே நாள் ஸார். அரிப்பு போன இடம் தெரியவில்லை! போதாக்குறைக்கு நல்ல பசி, நல்ல சுறுசுறுப்பு. 'டாக்டருங்க எல்லாம் இந்த ஆள்கிட்ட பிச்சை வாங்கணும்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்படியே பதினாலு மாசம் ஓடியது. முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டையாகிவிட்டது. 'நல்லா தேறிட்டீங்க பாய்' என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். (நான் பாய் இல்லை. ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுக் குண்டானவன் எல்லாம் பாய்தான்!)

ஒருநாள் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் வேறு ஊர் போய்விட்டாராம். சரி, அரிப்புதான் இல்லையே என்று மாத்திரையை அன்றோடு விட்டேன்.

அங்கேதான் பிடித்தது சனி.

தலையணையில் முடி, தட்டில் பிரியாணி

பத்து நாளில் உடம்பு வாழைத்தண்டாகத் துவண்டது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. வாயில் எதை வைத்தாலும் குமட்டல். ஞாயிற்றுக்கிழமை தட்டில் கத்தரிக்காய் தொக்கோடு பிரியாணி வைத்தாள். 'வேண்டாம்' என்று தள்ளினேன். ஆம்பூர்க்காரன் பிரியாணியை வேண்டாம் என்றால் அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா? 'பித்தம்' என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தாள்.

மூன்றாவது மாசம், முடி. சீப்பை வைத்தால் சீப்பு நிறைய வந்தது. தலையணையில் இன்னொரு தலை கிடந்தது. சலூன்காரர், "உங்களுக்கு முடி வெட்ற கூலி வேணாம் ஸார், தேடற கூலி கொடுத்தா போதும்" என்றார்.

உடம்பு துவண்டதற்குக் கலங்காத நான், முடிக்குக் கலங்கிப் போனேன். கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு... மாமியார் சொன்ன எதையும் பாக்கி வைக்கவில்லை. என் தலை மணந்த மணத்துக்கு, ஒரு கரண்டி புளியை விட்டால் வத்தக்குழம்பு ரெடி!

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் அக்கா மகன். போனில் துழாவிவிட்டு, "மாமா, இது லோ கார்ட்டிசால். டெஸ்ட் எடுங்க" என்றான். வேலை முடிந்து சாயங்காலம் அஞ்சரை மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்தேன். குறைவு என்று வந்தது. "பார்த்தீங்களா, அட்ரினல் களைப்பு!" என்று ஒரு பவுடர் டப்பாவை அனுப்பிவைத்தான். விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். நெல்லிக்காய் வாசனை நன்றாகவே இருந்தது.

பிறகு தெரிந்துகொண்டேன். கார்ட்டிசால் விடியற்காலையில் ஏறி, எட்டு மணி சுமாருக்கு உச்சியில் நின்று, பொழுது சாயச் சாய இறங்கி, நடுராத்திரியில் அடிமட்டத்துக்குப் போகும். சாயங்காலம் எடுத்தால் யாருக்கும் குறைவாகத்தான் இருக்கும். 'அட்ரினல் களைப்பு' என்று மருத்துவ நூலில் ஒரு நோயே கிடையாது. பையன் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் மாங்காயில் பட்டது என்னவோ உண்மை. ஆனால், எந்த மரத்து மாங்காய் என்று அவனுக்கும் தெரியவில்லை.

கைப்பையிலிருந்து வந்த சாட்சி

ஐப்பசி மழை. சாதாரண ஜுரம்தான் வந்தது. ராத்திரி நாலைந்து தடவை வாந்தி. பாத்ரூமுக்குப் போனவன் அங்கேயே விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்த அழுத்தம் 80-க்கு 50. சர்க்கரை 52.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். என் மகன் வயசுதான் இருக்கும். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு வருஷத்துக்குள்ள என்னென்ன மாத்திரை சாப்பிட்டாருங்கம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க தம்பி. அரிப்புக்குச் சாப்பிட்டார், அவ்வளவுதான்."

"என்ன மாத்திரை?"

என் வீட்டுக்காரி எதையும் தூக்கிப் போட மாட்டாள். 1998-ம் வருஷத்துக் கரண்ட் பில் அவளிடம் இருக்கிறது. கைப்பையின் அடியிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்தாள். உள்ளே கத்தரித்த மாத்திரை அட்டை. அதில் மிச்சமிருந்த எழுத்து 'டெக்ஸா'. அவ்வளவுதான்.

டாக்டர் முகம் மாறியது. டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. ரத்தம் எடுத்த கையோடு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, கூடவே சலைனும் குளுகோஸும். விடியும்போது நான் எழுந்து உட்கார்ந்து, "டீ கிடைக்குமா?" என்றேன். அவள் அழுதாள். முடிக்குச் சிரித்தவள்தான்.

"ராத்திரி பேசாம படுக்க வெச்சிருந்தீங்கன்னா காலையில எழுந்திருக்க மாட்டார்மா" என்று அந்தப் பிள்ளை சொன்னதைப் பிற்பாடுதான் எனக்குச் சொன்னாள்.

வேலூரில் விளக்கம்

இரண்டு நாள் கழித்து, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேலூர் சி.எம்.சி. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி. இன்று எதிர்த் தெருவில் லாட்ஜ் போர்டுகூட வங்காளியில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். நாங்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு வெங்காயச் சாறு தேய்த்துக்கொண்டிருந்தோம்!

ஹார்மோன் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. எடை நாலைந்து கிராம்தான். அது சுரப்பதுதான் கார்ட்டிசால். ஜுரம், காயம், ஆபரேஷன் என்று உடம்புக்கு எந்தச் சோதனை வந்தாலும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதற்கு உத்தரவு போடும் மேஸ்திரி மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி.

"உங்க டேனரியிலே டிரம் ஓடுதில்லே? தினமும் வெளியிலேருந்து லாரி லாரியா பதனிட்ட தோல் ஓசியிலே வந்து இறங்கினா என்ன செய்வீங்க?"

"டிரம்மை நிறுத்திட்டு, ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிடுவோம்மா."

"அதேதான். பதினாலு மாசம் லாரி வந்தது. உள்ளே டிரம் துருப்பிடிச்சுப் போச்சு. திடீர்னு லாரியை நிறுத்திட்டீங்க. ஆர்டர் வந்தா சரக்கு எங்கேயிருந்து வரும்?"

இருபத்தாறு வருஷ சர்வீஸில் எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை.

அரை மில்லிகிராம் டெக்ஸா மூன்று வேளை என்றால், கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். உடம்பு தானாகச் சுரப்பதைவிட அதிகம். மூன்று நாலு வாரத்துக்கு மேல் இப்படிப் போனாலே சுரப்பி தூங்க ஆரம்பிக்கலாம். நான் பதினாலு மாசம் தாலாட்டியிருக்கிறேன்!

முறைப்படி டெஸ்ட் எடுத்தார்கள். முதல் நாள் மத்தியானத்தோடு மாத்திரையை நிறுத்தி, மறுநாள் காலை எட்டு மணிக்கு, மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம். 2.1 மைக்ரோகிராம் என்று வந்தது. என் மாதிரி ஸ்டீராய்டால் படுத்துப்போன கேஸ்களுக்கு 2024-ல் சர்வதேச ஹார்மோன் மருத்துவச் சங்கங்கள் ஒரு கணக்கு வெளியிட்டிருக்கின்றன. 10-க்கு மேலே இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது. 5-க்குக் கீழே என்றால் மாத்திரை தொடர வேண்டும். நடுவில் இருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி டெஸ்ட்.

வேறு காரணம் உண்டா என்றும் துருவினார்கள். அட்ரினல் சுரப்பியே அழிந்துபோகும் நோயை 1855-ல் லண்டன் டாக்டர் தாமஸ் அடிசன் எழுதிவைத்தார். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு இருந்தது அதுதான். நம் நாட்டில் அதற்கு டி.பி. ஒரு முக்கியக் காரணம். அதில் தோல் கறுத்துப் போகும், உப்புக்கு நாக்கு அலையும். எனக்கு அது இல்லை.

பெஞ்சில் என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆம்பிளை காதில் விழாமல் பேசிய பேச்சு. பஸ்ஸில் வரும்போது இவள் சொன்னாள். எட்டு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் ஏகப்பட்ட ரத்தப் போக்கு. குழந்தைக்குப் பால் சுரக்கவே இல்லை. மாதவிலக்கு நின்றது. அக்குள் முடி உட்பட உடம்பு முடி எல்லாம் கொட்டிப்போய்விட்டது. எப்போது பார்த்தாலும் களைப்பு. 'சோம்பேறி' என்று மாமியார் வீட்டில் பெயர். ரத்தப் போக்கில் பிட்யூட்டரி பட்டுப்போகும் இந்த நோயை 1937-ல் ஷீஹான் என்ற டாக்டர் விவரித்திருக்கிறார். எட்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெண்ணின் களைப்புக்குப் பெயர் கிடைத்தது. இதை நினைத்தால் என் வழுக்கை ஜோக்கெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

ஸ்டீராய்டு வில்லனா?

இல்லை ஸார். 1948-ல் முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்மணிக்கு கார்ட்டிசோன் போட்டதும் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்காக மூன்று பேருக்கு நோபல் பரிசு. 2020-ல் கோவிட் முற்றி மூச்சுத் திணறியவர்களில் பலரைக் காப்பாற்றியது நான் சாப்பிட்ட அதே டெக்ஸாதான். என் உயிரைப் பிடித்துக் கொடுத்ததும் ஒரு ஸ்டீராய்டு ஊசிதானே! கத்தி, டாக்டர் கையிலும் இருக்கிறது, வேறு கையிலும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்:

* சீட்டு இல்லாமல், காகிதத்தில் மடித்த மாத்திரை வேண்டாம். அட்டையில் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

* ரொம்ப நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள்! டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

* களைப்பு, எழுந்தால் தலைசுற்றல், குமட்டல், எடை குறைவு எல்லாம் சேர்ந்து வந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். டாக்டரிடம் பழைய மாத்திரைக் கதையை மறைக்காதீர்கள்.

* முடி மட்டும் கொட்டினால் உடனே கார்ட்டிசாலைச் சந்தேகிக்க வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு என்று அதிகம் பேருக்கு வருகிற காரணங்கள் முதலில்.

சரி, என் முடி? டாக்டரம்மாவிடம் கடைசியாக அதைத்தான் கேட்டேன். சிரித்துவிட்டார். "உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி மொத்தமா உதிரும். உடம்பு தேறினா தானா முளைக்கும். எண்ணெய்க் காசை மிச்சம் பண்ணுங்க."

காலையில் 10, மத்தியானம் 5 மில்லிகிராம் என்று ஹைட்ரோகார்ட்டிசோன் சாப்பிட்டேன். ஜுரம் வந்தால் இரண்டு மடங்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீட்டு, 'நான் ஸ்டீராய்டு நோயாளி' என்று. கம்பெனியில் என்னை குரோம் டிரம்மிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் கையுறையைக் கழற்றுவதில்லை. ஒன்பதாவது மாசம் காலை எட்டு மணி ரிசல்ட் 12.4. டிரம் ஓட ஆரம்பித்துவிட்டது!

முடியும் வந்துவிட்டது. பின்பக்கம், பக்கவாட்டில். முன்பக்கம் மட்டும் வரவில்லை. "அது நோய் இல்லே, உங்க அப்பா குடுத்த சொத்து" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளேட் பிரியாணி. சாப்பிட்டு முடிக்கும் வரை என் வீட்டுக்காரி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். என் தலையைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தாள்.