பரப்புவோன் பொறுப்பு

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. முன்னாளில் அவ்வூர்வாய் கிணற்றடியிலும் சந்தையிலும் தேநீர்க் கடையிலும் இருந்தது. அங்கே பிறந்த வதந்தி அயலூரைச் சென்றடையப் பொழுது பிடித்தது. அதற்குள் அதனை ஆராய்ந்து மறுத்துரைப்பாரும் உளராயினர். இன்றோ ஊர்வாய் ஒவ்வொருவர் கையிலுமுள்ள தொலைபேசியினுள் குடிபுகுந்துவிட்டது. எழுத்து, குரல், படம் ஆகிய யாவற்றையும் எண்களாக்கிக் கணப்பொழுதில் கடல்கடந்து அனுப்பும் இச்சாதனத்தையே டிஜிட்டல் ஊடகம் என வழங்குகின்றனர்.

பத்திரிகையில் வெளிவரும் செய்திக்கு ஆசிரியர் ஒருவர் பொறுப்பாவார். வானொலியில் ஒலிக்கும் உரைக்கு நிலையத்தார் பொறுப்பாவர். வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ வரும் செய்தியை வாசிப்பவனே ஆசிரியனாகவும் வெளியீட்டாளனாகவும் ஆகின்றான். ஆசிரியனின் அதிகாரம் அவனுக்குக் கிடைத்த அளவிற்கு ஆசிரியனின் பயிற்சி கிடைக்கவில்லை. இவ்வூடகம் பற்றிய சட்டப் பிரச்சினைகளும் ஒழுக்கப் பிரச்சினைகளும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றன.

இதற்கு இலங்கையிலேயே கசப்பான சான்று உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உண்ட சிலர், கறியிலே காணப்பட்ட கட்டியொன்றைக் காட்டி, அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை எனக் குற்றஞ்சாட்டினர். சிங்களமொழி செவ்வனே அறியாத ஊழியர், சூழ்ந்து நின்றவர்களுக்கு அஞ்சித் தடுமாறிக் கூறிய விடை, குற்றத்தை ஒப்புக்கொண்டது போலப் படம்பிடிக்கப்பட்டது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. படமோ நாடெங்கும் பரவியது. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் ஆராய்ந்தபோது அக்கட்டி வெறும் மாவு எனத் தெரியவந்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் இல்லவேயில்லை.

ஆராய்ச்சி முடிவு வெளிவருமுன்னரே கண்டி மாவட்டம் தீப்பற்றியது. வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி இறந்தார். மார்ச் 5ஆம் திகதி திகனையிலும் தெல்தெனியவிலும் கலவரம் மூண்டது. வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; உயிர்களும் மாண்டன. மறுநாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. அதற்கடுத்த நாள் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன.

அம்பாறையில் எடுக்கப்பட்ட படம் போலிப் படமன்று. படத்துக்குக் கற்பித்த பொருளே பொய். கண்ணாற் கண்டதாயினும், அதன் முன்னும் பின்னும் யாதென அறியாவிடத்து அது சான்றாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. அதனைப் பரப்பியோருட் பலர் தீயோரல்லர். பிறரை எச்சரிக்கின்றோம் என்ற எண்ணத்துடனேயே அனுப்பினர். எனினும் நல்லெண்ணம் எரிந்த வீட்டை மீளக் கட்டித் தரவில்லை.

உத்தியோகபூர்வமான அறிவித்தலும் பிழைபடக்கூடும். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின், பொலிசார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களுள், அமெரிக்காவில் கல்வி பயின்ற, இக்குற்றத்தோடு யாதொரு தொடர்புமற்ற மாணவி ஒருவரின் படமும் இடம்பெற்றுவிட்டது. பொலிசார் தவறை ஒப்புக்கொண்டு வருந்தினர். ஆயினும் அதற்குள் அப்படத்தைப் பிரதிசெய்து, வசைமொழியுஞ் சேர்த்து அனுப்பியோர் பலர். பொய் ஓடிய வீடெல்லாம் திருத்தம் சென்று கதவைத் தட்டுவதில்லை.

அங்ஙனமாயின் கடுஞ் சட்டங்களால் இதனை அடக்கலாகாதோ என்ற வினா எழும். கருத்து வெளியிடும் சுதந்திரத்தை அரசியலமைப்பு ஒவ்வொரு பிரசைக்கும் வழங்கியுள்ளது. இன, மதப் பகைமையைத் தூண்டுவதை 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. சிறுபான்மையோரின் பாதுகாப்புக்கு உதவவேண்டிய இச்சட்டத்தின் கீழேயே, 2019ஆம் ஆண்டில் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர், முகநூலில் வெளியிட்ட சிறுகதையொன்றின் பொருட்டுக் கைதாகி ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். பின்னர் 2021ஆம் ஆண்டில் வழக்கினின்றும் விடுவிக்கப்பட்டார். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைத் தடுக்கும் நோக்குடன் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்றுக்கு இடமளித்தது. எது பொய் என்பதை இத்தகையதோர் ஆணைக்குழு தீர்மானிப்பின் நியாயமான விமர்சனமும் அடங்கிவிடுமென்று சட்ட அறிஞரும் பத்திரிகையாளரும் அஞ்சியது காரணமின்றியன்று. களை பிடுங்கும் கை பயிரையும் பிடுங்கலாகாது.

ஊடகத்தையே அடைத்துவிடுவதும் முழுத் தீர்வாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சிலே தடை நிலவிய நாள்களில், குறுக்குவழி அறிந்தோர் தடையைக் கடந்தே பேசினர். கலவரப் பகுதியிலிருந்த உறவினரின் நலம் விசாரிக்க விரும்பிய சாதாரண மக்களே இடர்ப்பட்டனர். ஊடகத்தை நடத்தும் நிறுவனத்தாருக்கும் இதில் பெரும் பங்குண்டு. சிங்களத்தில் எழுதப்பட்ட பகைமொழியைக் குறித்துப் பலர் முறையிட்டும் அவை நீக்கப்படாதிருந்தன. அக்கலவரத்தில் தம் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு முகநூல் நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டு மே மாதத்திலேயே மன்னிப்புக் கோரினர்.

பெருங் கலவரங்களுக்கு அப்பால் அன்றாட வாழ்விலும் இப்பொறுப்பு உண்டு. பிறரொருவரின் கடவுச்சொல்லை ஊகித்து அவர் கணக்கினுள் நுழைவதைப் பிள்ளைகள் விளையாட்டென எண்ணுகின்றனர். 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் அதனைக் குற்றமெனக் கொள்கின்றது. பிறர் எழுதிய நூலைப் படியெடுத்து அனுப்புவது உபகாரம் போலத் தோன்றும். ஆயினும் எழுதியவர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைபெறும். சக மாணவியின் படத்தை அவள் சம்மதமின்றிப் பரப்பும் இளைஞன், தன் பொழுதுபோக்கு முடிந்த பின்னரும் அவள் பள்ளிக்கு வர நாணி வீட்டினுள் முடங்குவதை அறியான்.

ஆதலின் சட்டம் செல்லமுடியாத இடத்திலே பழக்கம் காவல் நிற்றல் வேண்டும். ஒரு செய்தியை அனுப்புமுன், இதனை முதலிற் கூறியவர் யார், எப்பொழுது எங்கே நிகழ்ந்தது, பொய்யாயின் யாருக்குத் தீங்கு விளையும் என மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். விடை கிடையாவிடின் அனுப்பாதிருத்தலே நன்று. பெற்றோர் இதனைத் தாமே கைக்கொண்டு காட்டினாலன்றிப் பிள்ளைகள் கற்கமாட்டார். கேட்பதெல்லாவற்றையும் அயல்வீட்டுக்குச் சொல்லலாகாது எனப் பாட்டிமார் குழந்தைகளுக்குக் கற்பித்த பாடம் இதுவே. அன்று ஓர் அயல்வீடு. இன்று ஆயிரம் அயல்வீடுகள். பாடம் மாறவில்லை.