மறதிக்கு மாத்திரையும் மறக்காத பங்குதாரர்களும்

மக்கா, பங்குச்சந்தைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். வாடகை கட்டினது போக மிஞ்சுறதுல டிம் ஹார்ட்டன்ஸ் காபிதான் குடிக்க முடியும். ஆனாலும் மாண்ட்ரியால்ல உயிர்தொழில்நுட்பம் படிக்கிறவன் நியூரோகெம் கதையைத் தப்பிச்சுப் போக முடியாது. ஆத்தைத் தாண்டினா லாவால். அங்கதான் அந்தக் கம்பெனி இருந்தது.

தலைவர் பிரான்செஸ்கோ பெல்லினி லேசுப்பட்ட ஆள் இல்லை. லாமிவுடின்னு எச்ஐவிக்கு ஒரு மருந்து இருக்கே (நம்ம ஊர் அரசு மருத்துவமனைகள்லயும் கொடுப்பாங்க), அதை உருவாக்கின பயோகெம் ஃபார்மாவைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1995ல அதுக்கு அமெரிக்க அனுமதி கிடைச்சது. ஒரு தடவை ஜெயிச்சவர், மறுபடியும் ஜெயிப்பார்னு பணம் போட்டவங்க நிறையப் பேர்.

நியூரோகெம் கையில ரெண்டு மருந்து. ஒண்ணு கியாக்டா, சிறுநீரகத்தைக் கெடுக்கிற ஓர் அரிய நோய்க்கு. அனுமதி கிடைக்கும் முன்னாடியே, 2004 டிசம்பர்லயே, ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த சென்டோகாரோட விநியோக ஒப்பந்தம் போட்டாச்சு. புள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே பேர் வச்ச கதை! எஃப்டிஏ 2006லயும் 2007லயும் 'இன்னும் ஆதாரம் வேணும்'னு திருப்பி அனுப்பிடுச்சு.

இன்னொண்ணு அல்செமெட். அல்சைமர் நோயாளிகளோட மூளையில அமிலாய்டு புரதம் கட்டி கட்டியாச் சேரும். அந்தப் புரதத்தோட முன்கூட்டியே ஒட்டிக்கிட்டு, கட்டி சேரவிடாம தடுக்கணும், அதுதான் திட்டம். அமெரிக்கா, கனடாவுல 67 மையங்கள்ல 1,052 பேருக்கு 18 மாசம் கொடுத்துப் பார்த்தாங்க. 2007 ஆகஸ்ட்ல முடிவு வந்தது: மருந்து வேலை செஞ்சதுன்னு நிரூபிக்க முடியலை. பங்கு தடாலடியா விழுந்துச்சு. ஐரோப்பிய சோதனையையும் அதே வருஷம் நிறுத்திட்டாங்க.

எனக்கு இதுக்கு அப்புறம் நடந்ததுதான் உறுத்துது. 2008ல கம்பெனி பேர் பெல்லஸ் ஹெல்த்னு மாறுச்சு. அதே வேதிப்பொருள் ஹோமோடாரின், கடற்பாசியில இயற்கையாவே இருக்குன்னு சொல்லி, விவிமைண்ட்ங்கிற பேர்ல ஞாபகசக்திக்கான துணை மாத்திரையா கனடாவுல விற்பனைக்கு வந்துடுச்சு. டாக்டர் சீட்டு தேவையில்லை. மருந்தா நிரூபிக்க முடியாதது அலமாரிக்கு வர்றதுக்கு ஒரு வருஷம்தான் ஆச்சு. சட்டப்படி தப்பு இல்லைதான். ஆனா வாங்கப்போறது யாரு?

போன மாசம் மதுரையிலேர்ந்து மாமா போன்: "மாப்ள, ஏதோ கடற்பாசி மாத்திரை இருக்காமே, மறதிக்கு நல்லதாம். அம்மாச்சிக்கு ரெண்டு டப்பா அனுப்பிவிடுடா." அம்மாச்சிக்கு இப்போ மாமா பேரே சில நாள் ஞாபகம் இருக்கிறதில்லை. வேண்டாம் மாமா, 1,052 பேர்கிட்ட பார்த்தும் நிரூபணம் ஆகலைன்னேன். "சும்மா கொடுத்துப் பார்ப்போமே, நஷ்டம் என்ன?"ன்னார். இந்தக் கேள்விதாங்க அந்த வியாபாரத்துக்கே முதலீடு.

பங்குதாரர்கள் கதை வேற மாதிரி முடிஞ்சுது. பெல்லஸ் இருமல் மருந்துக்கு மாறுச்சு. 2020 ஜூலைல ஒரு சோதனை இலக்கைத் தொடாம போக, பங்கு ஒரே நாள்ல ஏறக்குறைய முக்கால்வாசி காலி. மறுவருஷக் கடைசியில அடுத்த சோதனை நல்லா வந்தது. 2023ல ஜிஎஸ்கே ஒரு பங்குக்கு 14.75 டாலர் வீதம், சுமார் 200 கோடி அமெரிக்க டாலருக்குக் கம்பெனியையே வாங்கிடுச்சு. அதுவரை பொறுத்திருந்தவங்க எத்தனை பேரோ!

அந்த மறதி மருந்தும் முழுசா சாகலை. உடம்புக்குள்ள போய் அதே பொருளா மாறுற மாதிரி திருத்தி, அல்சியான்னு ஓர் அமெரிக்கக் கம்பெனி, அல்சைமர் ஆபத்து மரபணு ரெண்டு பிரதி இருக்கிறவங்ககிட்ட சோதிச்சது. 2024ல அதுவும் முதன்மை இலக்கை எட்டலை. ஆரம்பநிலை நோயாளிகள்கிட்ட மட்டும் பலன் தெரியுதுன்னு சொல்றாங்க. மாமாவுக்கு இதை இன்னும் சொல்லலை. சொன்னா அதையும் ரெண்டு டப்பா கேப்பார்.